பாய் விரிக்கப் பணம் எவ்வளவு?

கே: செஞ்சிவாசி நான். குடும்பத்தோடு பாய்மரப் படகில் விடுமுறையைக் கழிக்க ஆசை. எவ்வளவு ஒதுக்கலாம்?

ப: செஞ்சியில் பாய் விரித்தால் தூக்கம்தான் வரும்! பாய் காற்றில் உப்ப வேண்டுமானால் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுங்கள், சுமார் 70 கி.மீ. காற்றுக்குக் காசில்லை, காற்றுக்காகக் காத்திருக்கும் நாளுக்குத்தான் காசு. அறை வாடகை, சாப்பாடு என ஒரு நாள் செலவைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். வாடகை தலைக்கா, படகுக்கா என்று முதலிலேயே கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களுக்கு முன்பணமே கட்டாதீர்கள்.

பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் அளவாக இருக்கட்டும். கொக்கிகளை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாகக் கேளுங்கள்.

கே: மலைக்கோட்டை ஊர்க்காரனுக்குக் கடலோடு என்ன உறவு?

ப: உடன்பிறந்த உறவு! 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மால்வண் கரையருகே கடலுக்குள் நிற்கும் சிந்துதுர்க்கும் ஒன்று.

கே: கடலோரமாக ஒரு மனையே வாங்கிவிட்டால்?

ப: 1690-ல் ஆங்கிலேயர் அப்படித்தான் செஞ்சி மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினார்கள். எல்லையை அளந்தது சங்கிலி அல்ல, பீரங்கி! குண்டு எட்டிய தூரம்வரை இருந்த ஊர்களெல்லாம் அவர்களுக்கு. 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். நீங்கள் பத்திரத்தில் நான்கெல்லையையும் படித்துவிட்டு வாங்குங்கள்.