அம்புக்குக் கண்ணு கெடையாதுலே

ஏலே பேராண்டி, நாலு நெடுங்கோடு, குறுக்க பத்து அம்பு கிழிச்சிட்டு 'டிசைன் முடிஞ்சுது தாத்தா'ங்கியே, அந்தப் படத்த இங்கன காட்டு. அழகாத்தான் இருக்கு. மார்கழிக் கோலத்துக்கு ஆள் இல்லாத வீட்டுல ஒனக்குக் கண்டிப்பா பொண்ணு குடுப்பாவ.

சீக்வென்ஸ் டயகிராம்னு நீங்க என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுதிய. டெலிபோன்காரங்க அதுக்கு முன்னாலயே, 1992ல, இசட்.120னு நம்பர் குடுத்து மெசேஜ் சீக்வென்ஸ் சார்ட்டுக்கு இலக்கணம் எழுதிட்டாவ. நீங்க படம் வரையுத யுஎம்எல் வந்தது 1997ல. 2005ல வந்த அதோட ரெண்டாம் பதிப்புல 'ஆல்ட்', 'லூப்'னு பெட்டி கட்டுதீயளே, அந்த வித்தை எங்க வீட்டுச் சரக்கு. எக்ஸ்சேஞ்சுல குப்பை கொட்டுனவன் சொல்லுதேன், கேளு.

கூப்புட்டவன் சலிச்சுப்போயி போனை வெக்கான். அதே நேரம் அந்தப் பக்கத்துக்காரன் எடுக்கான். ரெண்டு சேதியும் எக்ஸ்சேஞ்சுக்கு வருது. நீ எடுத்தத மேலயும் வெச்சதக் கீழயும் வரைஞ்சு, எடுத்ததுதான் மொதல்ல வரும்ங்க. கம்பியில வார சேதி ஒன் படத்தப் பாத்துட்டா வருது? தென்காசி மாமனும் தூத்துக்குடி சித்தப்பனும் ஆளுக்கொரு பஸ்ஸுல வாராவ. யாரு மொதல்ல எறங்கணும்னு நீ கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சா டிரைவர் கேப்பானா? எப்போ அனுப்பணும்ங்கது அனுப்புதவன் கையில. எப்போ வந்து சேரும்ங்கது எவன் கையிலயும் இல்ல. படத்துல ஒரு வரிசை, வந்து சேருததுல வேற வரிசைங்க இந்தக் கோளாறத் தேடிப் புடிக்கதுக்குன்னே 1996ல பெல் லேப்ஸ்ல அலூர், ஹோல்ஸ்மன், பெலட்னு மூணு பேரு ஒரு கருவி செஞ்சாவ. அத ஓட்டிப் பாக்க ஒனக்கு நேரமில்ல. அம்புக்குக் கலர் மாத்த மட்டும் நேரமிருந்துது.

இன்னொண்ணு. ஒன் படம் 'இப்படியும் நடக்கலாம்'ங்குதா, 'இப்படித்தான் நடக்கணும்'ங்குதா? முழிக்காதலே. டாம், ஹாரெல்னு ரெண்டு பேரு இதுக்காவவே லைவ் சீக்வென்ஸ் சார்ட்னு ஒண்ணு கொண்டாந்தாவ. நடந்தே தீரணும்னா சூடு, நடந்தா நடக்கட்டும்னா குளிர்னு அதுல பிரிச்சு வரையலாம். ஒன் படம் ரெண்டும் இல்ல, வெதுவெதுப்பு. அதப் பாத்துப் பக்கத்து சீட்டுப் புள்ள கட்டாயம்னு கோட் எழுதுதா. எதிர் சீட்டுக்காரன் இஷ்டம்போலன்னு எழுதுதான். கடைசில ரெண்டு பேரும் ஒன் படத்தத்தான் சாட்சிக்குக் கூப்புடுவாவ.

அதுக்காவ நீ கவலப்படாத. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டுன்னா, 'படத்துல சரியாத்தான சார் இருக்கு'ன்னு சொல்லிப் போடு. ஒங்க மேனேஜரும் படத்த மட்டுந்தான பாத்தாரு.