குறையே இல்லாத பாட்டு

பெட் ஷாப் பாய்ஸ் இரட்டையர் 1991-இல் வெளியிட்ட 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம் (ஐ கான்ட் டேக் மை ஐஸ் ஆஃப் யூ)' பாடலில் குறை என்று ஒன்றைக் காட்டிவிட முடியாது. யூ2 குழுவின் புகழ்பெற்ற ராக் பாடலையும், பிராங்கி வேலி 1967-இல் பாடிய காதல் பாடலையும் சேர்த்துத் தைத்த சின்த்பாப் கோவை அது. தையல் வெளியே தெரியவில்லை. முதல் பாட்டு எங்கே விட்டது, அடுத்தது எங்கே தொட்டது என்று தேடும் வேலைகூடக் கேட்பவருக்கு இல்லை.

அவர்கள் நமக்கு மிச்சப்படுத்திய வேலைகள் இன்னும் பல. யூ2-வின் 1987 பதிவில் போனோ பாடத் தொடங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆர்கன் போன்ற ஓசை மெல்ல எழும். அதற்குள்ளிருந்து எட்ஜின் கிடார் தன் எதிரொலியோடு தானே பின்னிக்கொண்டு வரும். மூன்றாக நடந்த தாளம் நான்காக மாறும். இந்த மாற்றத்தைப் பிடிக்க முடியாமல் குழுவே திணறியது. தயாரிப்பாளர் டேனியல் லனுவா கரும்பலகையில் எழுதிவைத்து, பள்ளி ஆசிரியரைப் போலச் சுட்டிக்காட்டி வாசிக்க வைத்தார். கூட்டுத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவோ சலித்துப்போய், பதிவு நாடாவையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அழிக்கவிடாமல் தடுத்தார் அங்கிருந்த ஒலிப்பதிவுப் பொறியாளர்.

பெட் ஷாப் பாய்ஸின் நீல் டென்னன்டும் கிறிஸ் லோவும் இந்தத் துன்பம் அனைத்தையும் நீக்கிக் கொடுத்தார்கள். தாளம் நான்கு நான்காக, இம்மியும் பிசகாமல் விழுகிறது. காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்து ஒரு குரல் வரும்போது நெஞ்சு நிமிருமே, அந்தச் சிரமமும் இல்லை.

டென்னன்டின் குரலையும் சொல்லியாக வேண்டும். போனோ அந்தப் பாட்டில் தன் குரலை மிச்சம் வைக்காமல் செலவழிக்கிறார். உச்சத்தில் குரல் உடையுமோ என்று நமக்கே பதற்றமாகிறது. டென்னன்ட் யாரையும் பதற்றப்படுத்துவதில்லை. ஏக்கத்தைச் சொல்லும் வரியையும் காதலைச் சொல்லும் வரியையும் ஒரே அமைதியோடு, ஒரே அளவோடு பாடுகிறார். இரண்டுக்கும் இடையே பேதம் பாராட்டாத குரல். அன்று தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, பீலியும் மாலையும் சூட்டி நெய்பூசி வைத்திருக்கிறாயே என்று ஔவை மனமாரப் புகழ்ந்தாள். அந்தப் புகழ்ச்சி முழுவதற்கும் இந்தப் பதிவு தகுதியானது.

பாட்டின் தலைப்பில் உள்ள பெயரில்லாத் தெருவின் கதைக்கு வருகிறேன். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஒருவர் வசிக்கும் தெருவின் பெயரைக் கேட்டாலே அவருடைய மதத்தையும் வருமானத்தையும் சொல்லிவிடலாம் என்பார்கள். டப்ளின்காரரான போனோவுக்கு அது உறுத்தியது. 1985-இல் மனைவியோடு எத்தியோப்பியாவுக்குப் போய்ப் பஞ்ச நிவாரண முகாமில் பணிசெய்தவர் அவர். பெயரை வைத்து ஆளை அளக்க முடியாத ஓர் இடம் வேண்டும் என்ற தவிப்பு அந்த நாட்களில்தான் பாட்டாகத் தொடங்கியது. பெட் ஷாப் பாய்ஸின் கோவையில் அந்தத் தெரு நேராக நடன அரங்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பஞ்சம் இல்லை, மதம் இல்லை; கண்ணெடுக்காமல் பார்க்க ஒரு காதலர் இருக்கிறார். எல்லாரும் சமமாக ஆடும் இடம் கிடைத்துவிட்டது. அங்கே போக வேண்டும் என்ற தவிப்பு இனி எதற்கு?

முழுநேர இசைக்கு வருமுன் டென்னன்ட் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பாப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். இரண்டு பாட்டுகளின் எலும்பும் ஒன்றே என்று கண்டுகொள்ள அந்தப் பழக்கம் வேண்டும். தசையையும் குருதியையும் ஒதுக்கினால்தான் எலும்பு தெரியும்; அவர் தயங்காமல் ஒதுக்கினார். பிரிட்டனில் இந்த இசைத்தட்டுக்கு இணைப் பாடலாக வந்தது 'ஹவ் கேன் யூ எக்ஸ்பெக்ட் டு பி டேக்கன் சீரியஸ்லி'. தங்களைப் பெரிதாக எண்ணிக்கொள்ளும் பாப் நட்சத்திரங்களைக் கேலி செய்யும் பாட்டு அது. ஒரு பாட்டில் தீவிரத்தைக் கழற்றி, இன்னொன்றில் தீவிரமாக இருப்பவர்களைச் சிரிப்புக்குரியவர்களாக்கி, ஒரே விலையில் இரண்டையும் தந்தார்கள். மனம்விட்டுப் பாட நினைக்கும் இளைஞன் எவனும் கூச்சப்பட்டு ஒதுங்கிப்போக இது போதும். யூ2-வினரோ, பெட் ஷாப் பாய்ஸின் பழைய பாடல் தலைப்பு ஒன்றையே எடுத்து, இதற்கு நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தக் கேள்விக்குத் தரவரிசை பதில் சொன்னது. கரும்பலகை, உடையப் பார்த்த குரல், அழிந்துபோகத் தெரிந்த நாடா எல்லாவற்றையும் தாண்டி வந்த யூ2-வின் பாடல் 1987-இல் பிரிட்டனில் 4-ஆம் இடம்வரை ஏறியது. அவை எதுவும் தேவைப்படாத கோவையும் 1991-இல் அதே 4-ஆம் இடத்தைப் பிடித்தது.