இயங்குதளம் மாறுவோர் வினாக்கள்: ஒரு நன்னூல் நோக்கு

1. ஆய்வுப் பின்புலம்

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். இவை இல்லாமலே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் நம் ஊர் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் நிறைய உண்டு. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, புதுக் கணினி வாங்குவது. அவ்வழிச் செல்வோர் "இ.எம்.ஐ. உண்டா?" என்ற ஒரே வினாவோடு அடங்கிவிடுவதால் ஆய்வுக்கு உதவார். மற்றொன்று, இருக்கும் கணினியிலேயே லினக்ஸ் போட்டுக்கொள்வது. இவ்வழிச் செல்வோரின் வினாக்களுக்கு அடக்கம் என்பதே கிடையாது. அவற்றை வகுத்தும் தொகுத்தும் ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

சட்டகம் தேடி மேலைநாட்டுக் கோட்பாடுகளிடம் கையேந்தும் தேவை எழவில்லை. வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நன்னூலில் பவணந்தி முனிவர் என்றோ வகுத்து வைத்துவிட்டார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே நாம் மறந்துவிட்ட இவ்வகைப்பாடு, இத்தனை நூற்றாண்டு காத்திருந்தது லினக்ஸுக்காகத்தான் என்பது இவ்வாய்வாளனின் துணிபு.

2. தரவும் எல்லையும்

தரவுகள் உறவினர் வீட்டு விசேஷங்களிலும், டிடிபி கடைகளிலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வாட்ஸ்அப் குரல்செய்திகளிலும் திரட்டப்பட்டவை. தகவலாளிகளின் பெயர்கள் ஆய்வு அறம் கருதியும், அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வராமல் போய்விடக் கூடாதே என்பது கருதியும் மறைக்கப்பட்டுள்ளன. மாக் கணினிக்கு மாறியோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் வினா எழுப்புவதில்லை, விலையைச் சொல்கிறார்கள்.

3. வினாவியல்

3.1 அறிவினா

தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது. இதை மாறுபவர் கேட்பதில்லை, மாற்ற வந்தவர் கேட்பார். "சித்தப்பா, உங்க கையில இருக்கிற போன்ல என்ன ஓடுதுன்னு தெரியுமா?" ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கிய அதுதான் இன்று சித்தப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் அசந்துபோவார் என்பது கேட்பவரின் கணக்கு. "அப்ப போன்லயே பார்த்துக்கறேன். நல்லா ஓடுற கம்ப்யூட்டரை எதுக்குப்பா நோண்டுற?" என்பது களத்தில் கிடைத்த விடை.

3.2 அறியா வினா

தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. இதில் தலையாயது "சி டிரைவ் எங்கே?" என்பது.

இவ்வினாவின் வரலாறு சுவையானது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ஃபிளாப்பி டிரைவ்கள்தாம் இருந்தன. அவை ஏ, பி எனப்பட்டன. எழுத்தால் டிரைவைக் குறிக்கும் இவ்வழக்கம் அதற்கும் முந்தைய சிபி/எம் காலத்தது. 1983-இல் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்டு டிஸ்க்கோடு வந்தபோது அடுத்த எழுத்தான சி அதற்குப் போயிற்று. ஃபிளாப்பிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தும் ஏ, பி என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் வேறு யாரும் உரிமை கொண்டாடவில்லை. லினக்ஸிலோ டிரைவுக்கு எழுத்தே இல்லை. எல்லாம் ஒரு சாய்கோட்டில் தொடங்கிக் கிளை பிரிகின்றன. நம் கோப்புகள் 'ஹோம்' என்ற கிளையில் நம் பெயரில் இருக்கின்றன. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தகவலாளி கேட்டார்: "அதெல்லாம் சரி. டி டிரைவ்ல பாப்பா காதுகுத்து போட்டோ இருந்துச்சே, அது?"

இரண்டாவது அறியா வினா "ரெஃப்ரெஷ் எங்கே?" என்பது. தமிழ்நாட்டில் கணினி கற்றோர் கணினியைப் போட்டதும் முதலில் செய்வது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் 'ரெஃப்ரெஷ்' கொடுப்பது. கொடுப்பதும் ஒரு முறையோடு நிற்பதில்லை. எந்த வேலைக்கும் முன் இடும் பிள்ளையார் சுழி அது. அதனால் மெமரி காலியாகிறது, வேகம் கூடுகிறது என்பது நம்பிக்கை. உண்மையில் அது திரையில் உள்ள ஐகான்களை மீண்டும் ஒருமுறை வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. லினக்ஸ் முகப்புகள் பலவற்றில் அந்தப் பட்டியலில் இச்சொல் இல்லை. ஒரு கோப்புறையில் எது மாறினாலும் உடனே தெரிவிக்கும் ஐநோட்டிஃபை என்ற ஏற்பாடு 2005-லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டதால் அதற்கு அவசியமும் பெரிதாக இல்லை. தகவலாளிகளுக்கு இவ்விளக்கம் போதவில்லை. ஒரு டிடிபி அக்கா வலப் பொத்தானை அழுத்தினார். பட்டியலை மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். ஒன்றையும் தொடாமல் மூடினார். மறுபடி அழுத்தினார். அந்த விரலுக்கு வேலை கொடுக்காமல் அவரால் அன்றைய கல்யாணப் பத்திரிகையைத் தொடங்க முடியவில்லை.

3.3 ஐய வினா

இதுவா அதுவா என ஐயுற்றுக் கேட்பது. "உபுண்டு போடறதா, மின்ட் போடறதா?" விண்டோஸ்காரருக்கு இவ்வகை வினா அதிகம் வாய்ப்பதில்லை. லினக்ஸிலோ 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து 2004-இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவிலிருந்து 2006-இல் மின்ட் பிறந்தது. பிறகு மின்ட்காரர்களே உபுண்டுவைத் தாண்டிப் பாட்டன் டெபியனிடமிருந்து நேராக இன்னொரு மின்ட் செய்துகொண்டார்கள். குலம் கோத்திரம் பார்த்துப் பழகிய நமக்கு இவ்வரலாறு விளங்கிவிடும். ஆனால் எதைப் போடுவது என்பது மட்டும் விளங்காது. ஐயம் தீர்க்க இருவரைக் கேட்டால் மூன்று பெயர் வரும் என்பதால் ஐய வினாவை ஒருவரோடு நிறுத்திக்கொள்வது நலம்.

3.4 கொளல் வினா

ஒன்றைப் பெறும்பொருட்டுக் கேட்பது. "போட்டோஷாப் இருக்கா? டேலி ஓடுமா? பேஜ்மேக்கர்?" பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0. அதன்மேல் நம் அச்சகங்கள் வைத்திருக்கும் பற்று, அதைச் செய்த நிறுவனமே கண்டிராதது.

எழுத்துரு வினாவும் இவ்வகையே. "பாமினி இருக்கா?" பாமினி ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச் என்று நிற்கும். "லினக்ஸ்ல தமிழே வராதாமே" என்ற ஊர்ப்பேச்சின் ஊற்றுக்கண் இந்த அரைப்புள்ளிதான். எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து லினக்ஸில் நிறுவினால் அம்மா திரும்ப வந்துவிடுவார். தட்டச்சிலும் குறையில்லை: ஐபஸ் வழியாகத் தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை மூன்றும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99-ஐ இன்னும் கற்காதோருக்கு அதைக் கற்காமலே இருக்கும் உரிமையும் அங்கு உண்டு.

3.5 கொடை வினா

கொடுக்கும்பொருட்டுக் கேட்பது. "உங்ககிட்ட 8 ஜிபி பென்டிரைவ் இருக்கா?" இல்லை என்றால் தானே தரலாம் என்று லினக்ஸ் ஆர்வலர் கேட்பது. கடன் கேட்கிறாரோ என்று அஞ்சிக் கேட்கப்பட்டவர் "இல்லையே" என்பார். அதுவே கொடைக்கு வாசலாகிவிடும். லினக்ஸ் வீட்டுக்கே வந்துவிடும்.

இக்கொடைக்கு மரபு உண்டு. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த்தின் கனானிக்கல் நிறுவனம், கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகடுகளைக் காசு வாங்காமல் தபாலில் அனுப்பிவந்தது. ஷிப்இட் என்ற அத்திட்டம் 2011-இல் நின்றது. தபால் செலவும் அவர்களுடையதே. வெளிநாட்டு உறையோடு தபால்காரர் வந்து நின்றதும் "எவ்வளவு கட்டணும்?" என்று பர்ஸை எடுத்த அப்பாக்கள் உண்டு. மிக்ஸியும் கிரைண்டரும் விலையில்லாமல் வாங்கிக்கொண்ட மாநிலத்தில் விலையில்லா மென்பொருளை மட்டும் "ஓசியா கொடுக்கறான்னா உள்ள ஏதோ இருக்கு" என்று ஐயுறுவது தனி ஆய்வுக்குரியது.

3.6 ஏவல் வினா

கேள்வியின் வடிவில் வேலை சொல்வது. "பால் வாங்கிட்டியா?" என்பதன் பொருள் போய் வாங்கு என்பது. "பழையபடி மாத்திட்டியா?" என்பது இத்துறையின் ஏவல் வினா. லினக்ஸ் போட்ட முதல் வாரத்திற்குள் இது ஒரு முறையேனும் எழும். மனைவி, மேலாளர், ஆடிட்டர் ஆகியோரே இதை மிகுதியும் ஆள்கின்றனர்.

4. விடையியல்

எட்டு விடைகளும் களத்தில் கிடைத்துள்ளன. "பிரவுசர் எங்கே?" "இதோ, மெனுவுல மேலாக" என்பது சுட்டு. "வைஃபை வேலை செய்யுமா?" "செய்யும்" என்பது நேர் விடை. "டேலி?" "ஓடாது" என்பது மறை விடை, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்ற இடைச்செருகலை வைத்து ஓட்டியோரும் உளர், அவர்களை ஆடிட்டர்கள் நம்புவதில்லை. "சொல்லித் தர்றியா?" "மேனுவலைப் படிங்க" என்பது ஏவல் விடை, லினக்ஸ் அறிஞரிடையே இது பெருவழக்கு. "ரெஃப்ரெஷ் எங்கே?" "எதுக்கு ரெஃப்ரெஷ்?" என்பது வினா எதிர் வினாதல். "அப்டேட் கொடுக்கட்டுமா?" "போன தடவை கொடுத்தப்ப சவுண்டு போச்சு" என்பது உற்றது உரைத்தல். அதே வினாவுக்கு "கொடுத்தா சவுண்டு போயிரும்" என்பது உறுவது கூறல்.

இவற்றுள் தலையாயது எட்டாவதான இனமொழி விடை. ஆடத் தெரியுமா என்றால் பாடத் தெரியும் என்பது. "போட்டோஷாப் இருக்கா?" "கிம்ப் இருக்கு." "எம்.எஸ். ஆபீஸ் இருக்கா?" "லிப்ரே ஆபீஸ் இருக்கு." லினக்ஸ் உலகமே இவ்விடையின்மேல் எழுந்து நிற்கிறது. இனமொழி விடையை ஏற்பவர் தங்கிவிடுகிறார். "நான் கேட்டது அது இல்லையே" என்பவர் மாதக் கடைசிக்குள் விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்.

பவணந்தியார் சொல்லாத ஒன்பதாம் விடையொன்றையும் இவ்வாய்வு முன்மொழிகிறது. "பழைய லேசர் பிரிண்டர் ஓடுமா?" என்ற வினாவுக்குக் கிடைத்த விடை எப்போதும் "பார்க்கலாம்" என்பதே. இதை நேர் விடை என்று மாறுபவரும் மறை விடை என்று மாற்றுபவரும் கொள்கின்றனர். பின்னாளில் எழும் பூசல்களில் பெரும்பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது.

5. ஒப்பாய்வு

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென வாக்களித்தது. "பழையபடி மாத்திட்டியா?" என்ற ஏவல் வினா நகராட்சி அளவிலும் எழும் என்பதற்கு இது சான்று.

நம் பக்கத்துச் சான்று இன்னும் தெளிவானது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. கேரளத்துப் பள்ளிகளோ ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியே கட்டற்ற மென்பொருளுக்கு மாறின; இன்றும் அங்கு உபுண்டுவை ஒட்டிச் செய்த இயங்குதளமே ஓடுகிறது. இரண்டு இடத்திலும் வந்தது லினக்ஸ்தான், கையாண்டதும் மாணவர்தான். அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். "சி டிரைவ் எங்கே?" என்று எழுந்து நின்ற பிள்ளைக்கு வகுப்பிலேயே விடை கிடைத்தது. இங்கே மடிக்கணினி வீட்டுக்கு வந்தது. வினாவை எடுத்துக்கொண்டு போனால் இருந்தது பாட்டும் படமும் ஏற்றித்தரும் செல்போன் கடை. கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ். அவருக்குத் தெரிந்ததே மாணவருக்கும் இயங்குதளமாயிற்று.

6. முடிவுகள்

ஒன்று: அறியா வினாவாகத் தோன்றுவனவற்றுள் பெரும்பாலானவை ஏவல் வினாக்களே. "சி டிரைவ் எங்கே?" என்பவருக்கு 1983-இன் வரலாறு வேண்டாம், சி டிரைவ் வேண்டும்.

இரண்டு: இயங்குதளத்தின் நிறைகுறை அதன் கெர்னலில் பாதிதான். மீதி, அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நடக்கும் தொலைவில் யார் இருக்கிறார் என்பது. விண்டோஸின் பலம் மைக்ரோசாஃப்டின் தலைமையகமான ரெட்மண்டில் இருப்பதாக ஆய்வுலகம் இதுவரை கருதிவந்தது. அது தெருமுனைக் கடையில் இருக்கிறது.

மூன்று: ஆகவே மாறுபவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது உபுண்டுவையோ மின்ட்டையோ அன்று, ஆளை. அந்த ஆள் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே போட்டுக்கொள்க. ஐய வினா தானே தீரும். அந்த ஆளாக இருக்க ஒப்புக்கொள்பவரும் தாம் நிறுவித் தருவது மென்பொருளை மட்டுமன்று, விடை சொல்லும் ஒரு பதவியையும் என்று அறிக. பதவிக்கு ஓய்வு வயது இல்லை, ஊதியம் காபி.

அவருக்கு ஒரு பரிந்துரை. பென்டிரைவைச் செருகுமுன் ஏவல் வினா ஒன்றைத் தாமே முந்திக்கொண்டு கேட்டுவிடட்டும்: "பேக்கப் எடுத்தாச்சா?" இதற்கு "பார்க்கலாம்" என்று விடை வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவது உறவுக்கு நல்லது.