சஞ்சல சிகாமணி

வத்தேகமவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் சென்றுவரும் மாணாக்கரிடையே, வெயில் காலத்திலும் குடையும், பரீட்சை இல்லாத மாதத்திலும் அனுமதி அட்டையும், சட்டைப்பையில் ஐந்து பேனாவுமாக ஒரு ஜீவன் நிற்கக் கண்டால், அவரே நமது சஞ்சல சிகாமணி என்று நீங்கள் தயங்காமல் தீர்மானிக்கலாம்.

“சாப்பிட்டுட்டுப் போ சாமி, கோச்சி ஓடிப்போயிறாது” என்று ரொட்டியும் சம்பலும் நீட்டும் தாயாரிடம், “ஓடத்தானேம்மா கோச்சி இருக்கு!” என்று தர்க்கம் பேசிப் பட்டினியாகவே புறப்படுவார். 1880இல் திறக்கப்பட்ட மாத்தளைப் பாதையில், கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கும்போது ஏனையோர் ஆற்றின் அழகைப் பார்த்திருக்க, இவரோ வண்டி பாலத்தில் நின்றுவிட்டால் விரிவுரை தவறும், வரவு குறையும், பரீட்சை எழுத விடார், பட்டம் போகும், உத்தியோகம் போகும், தங்கையின் கலியாணமும் நின்றுபோகும் என்று எண்ணியெண்ணி, சரசவி உயன நிலையத்தில் இறங்குவதற்குள் தம் குடும்பத்தையே சர்வநாசம் செய்து முடித்திருப்பார்.

இவருக்குத் தோழர் இருவர். ஒருவர் புத்தகத்தைத் திறவாமலே முதல் வகுப்புச் சித்தியை அனுபவித்துக்கொண்டிருக்கும் ஆனந்தர், மற்றவர், “தோட்டத்துப் பிள்ளைக்கு எவன் வேலை தரப்போறான்?” என்று முடிவுகட்டிவிட்ட விரக்தர். இருவரும் நன்றாக உண்டு, நன்றாக உறங்குவார்கள். விரக்தரின் நித்திரைதான் அதிக ஆழமானது என்பது என் கணிப்பு; இழப்பதற்கு ஏதும் மிச்சம் வைக்காதவரை எழுப்ப எந்தக் கவலையால் ஆகும்?

சிகாமணிக்கோ உறக்கம் ஏது? சிரேஷ்ட மாணவர் இரவில் நடத்தும் ‘குப்பி’ வகுப்பில் முதல் ஆளாக உட்காருவார். குறிஞ்சிக் குமரன் கோயிலில் நேர்த்தி வைத்துவிட்டு, நேர்ந்த தேங்காய் போதுமோ போதாதோ என்று மறுநாளே மீண்டும் படியேறுவார். இவரை அவநம்பிக்கையின் அவதாரம் என்று பலர் பழிக்கிறார்கள். நான் அதை ஒப்பேன். தோல்வி நிச்சயம் என்று மெய்யாகவே நம்புகிறவன் முருகனுக்குத் தேங்காய் நேர்ந்து செலவழிப்பானா? நப்பாசை உள்ளவனுக்குத்தான் நடுக்கம். அவ்வகையில் ஆனந்தரைவிட இவரே பெரிய ஆசைக்காரர்.

பெறுபேறு வந்தது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. சுட்டெண் மாறியிருக்குமோ என்று, அறிவிப்புப் பலகையை விட்டு நகராமல் மாலைவரை நின்றார்.

இனி அவரைக் கண்டால் ஏளனம் செய்யாதீர்கள். பரீட்சை நெருங்கியதும் ஆனந்தரும் விரக்தரும் போட்டோக்கொப்பி எடுப்பது இவர் எழுதிய குறிப்புகளைத்தான்.