இரண்டு டி.சி.யும் ஓர் இளைப்பும்

கேள்வி: சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்தே அடுத்த இளைப்பு எப்போது வரும் என்று சொல்லிவிடலாமாமே?
(மறைமலை நகர் வாசகர்)

பதில்: எப்போது என்று சொல்லாது, யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்று சொல்லும். பொங்கல் லீவு முடிகிற ராத்திரி பெருங்களத்தூரில் வண்டி நகராது என்பது ஊரறிந்தது. ஆனால் நீங்கள் ஏறிய பஸ் எத்தனை மணிக்கு மாட்டும் என்று எந்த ஜோசியருக்கும் தெரியாது. 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 1,30,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களை அலசியது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 400-க்கு மேல் ஈசினோபில் என்ற வெள்ளையணு இருந்தவர்களுக்கு, அடுத்த ஓராண்டில் கடும் இளைப்பு சுமார் 40 சதவீதம் கூடுதல்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் ஈசினோபில் வெறும் 5. நான் தப்பித்தேனா?
(பொத்தேரி வாசகி)

பதில்: அவசரப்படாதீர்கள், அது சதவீதம். லேப்காரர்கள் சொல்லும் முதல் டி.சி. வெள்ளையணுக்களின் மொத்தம். இரண்டாவது டி.சி. அவற்றின் ஜாதிவாரிக் கணக்கெடுப்பு. (பள்ளிக்கூடத்தில் வாங்கிய டி.சி.யை இதில் சேர்க்க வேண்டாம்.) மொத்தம் 8,000, ஈசினோபில் 5 சதவீதம் என்றால் 400. மொத்தம் 5,000 என்றால் அதே 5 சதவீதம் 250 தான்.

கேள்வி: எனக்கு ஈசினோபில் 4,000 இருக்கிறது. ராத்திரியில் இருமல் கொல்கிறது. டாக்டரோ ஆஸ்துமாவை விட்டுவிட்டுக் கொசுக்கடியை விசாரிக்கிறார்!
(தாம்பரம் வாசகர்)

பதில்: விஷயம் தெரிந்தவர், விடாதீர்கள். உங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த சானடோரியம் போலவே மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்திலும் ஒன்று இருந்தது. காசநோய் போலத் தோன்றியும் காசநோய் அல்லாத, ஈசினோபில் எகிறிய நோயாளிகளைப் பற்றி அங்கிருந்த டாக்டர் ஃப்ரிமோட்–மோலர் 1940-இல் எழுதினார். 1943-இல் வைன்கார்ட்டன் என்ற டாக்டர் அதற்கு 'டிராபிகல் ஈசினோபீலியா' என்று பெயர் வைத்தார். கொசு கொண்டுவரும் யானைக்கால் புழுவின் குஞ்சுகளோடு நுரையீரலில் உடம்பு நடத்தும் மல்லுக்கட்டுதான் அது. 3,000-ஐத் தாண்டினால் நம் ஊர் டாக்டர் இதையும் யோசிப்பார். உறுதியானால், வழக்கமாக மூன்று வாரம் யானைக்கால் மாத்திரை. வயிற்றுப் பூச்சியும் எண்ணிக்கையை ஏற்றும்.

கேள்வி: "கவுன்ட் நார்மல்" என்று மாமியார் இன்ஹேலரைப் பரணில் போட்டுவிட்டார்.
(காட்டாங்கொளத்தூர் மருமகள்)

பதில்: உடனே இறக்குங்கள். ஸ்டீராய்டு மருந்து எடுத்தால் எண்ணிக்கை இறங்கும். ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கிளாஸ் கப்சிப் என்று இருக்கும். அதைப் பார்த்து அவரையே வீட்டுக்கு அனுப்பலாமா? காலை, மாலை என்று நேரத்துக்கு நேரமும் எண்ணிக்கை மாறும். ஈசினோபில் ஏறாத ஆஸ்துமாவும் உண்டு. ஆகவே ரிப்போர்ட்டைவிடப் பழைய கதையைக் கேளுங்கள்: போன வருஷம் இழுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரா? ஓடியிருந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. டாக்டரைக் கேட்டு மூச்சு ஊதும் வேகத்தைக் காட்டும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் வாங்கித் தினமும் ஊதச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ் நீட்டுவது போலத்தான் இருக்கும், ஃபைன் கிடையாது. வழக்கமான அளவிலிருந்து சரிந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம்.

கேள்வி: வாயில் நுழையாத இந்த 'ஈசினோபில்' பெயர் எங்கிருந்து வந்தது?
(சிங்கப்பெருமாள் கோவில் மாணவர்)

பதில்: 1879-இல் பால் எர்லிக் ரத்தத்தில் இயோசின் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். வெள்ளையணுக்களில் இந்த அணுவின் துகள்கள்தான் அந்தச் சாயத்தை ஆசையாகக் குடித்துச் சிவந்தன. சாயத்தின் பெயரில் இருப்பவள் ஈயோஸ், கிரேக்கர்களின் விடியல் தேவதை. விடியற்காலை நாலு மணிக்கு இழுத்துப் பிடித்து எழுப்புகிற ஆசாமிக்கு வேறென்ன பெயர் வைப்பதாம்?