பழைய கார்டும் பத்து மணிச் சட்டமும்

2020-இல் 'சைபர்பங்க் 2077' வெளிவந்தபோது, அதை ஆட என்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்ற பட்டியலில் ஜிடிஎக்ஸ் 1060 'பரிந்துரை' வரிசையில் இருந்தது. 2023-இல் பட்டியலைத் திருத்தினார்கள். அதே கார்டு 'குறைந்தபட்சம்' வரிசைக்கு இறங்கிவிட்டது. கார்டு ஒரு தப்பும் செய்யவில்லை. என் மேசைக்கடியில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டிய எனக்கு இது கார்டின் பிரச்சினையாக மட்டும் படவில்லை.

புதுசு வாங்கலாம்தான். ஆனால் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டி இன்னும் பத்து வருஷம் ஓட்டுகிற கோயம்புத்தூரில் பிறந்து, ஜெர்மனியில் சிக்கனத்துக்குப் பேர்போன ஷ்வாபியர்கள் நடுவில் குடியிருக்கிறேன். ஊதாரித்தனத்துக்காக இங்கிருந்து விரட்டப்பட்டவர்கள்தாம் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று இவர்களைப் பற்றி ஒரு பழைய கிண்டலே உண்டு. ஆகவே ஓவர்கிளாக்: இருக்கிற கார்டையே குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

அதற்கு நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1880-களில் எரிவாயு என்ஜின்கள் நிமிடத்துக்கு 180 சுற்று போனாலே பெரிது. அப்போது தனி ஊராக இருந்த கான்ஸ்டாட்டில், காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் தோட்டத்துக் கண்ணாடி வீட்டைப் பட்டறையாக்கி, பழுக்கக் காய்ச்சிய குழாயால் தீமூட்டி, அதை 600-க்குக் கொண்டுபோனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன தட்டல் என்று தோட்டக்காரருக்குச் சந்தேகம். கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். போலீஸ் வந்து பார்த்தால் உள்ளே இருந்ததெல்லாம் என்ஜின் சாமான். ஓவர்கிளாக் செய்பவனை அக்கம்பக்கம் சந்தேகப்படுவது இந்த ஊரில் அன்றே தொடங்கிய வழக்கம்.

முதலில் கார்டைக் கழற்றினேன். சிப்பின் மேல் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்து, புதுசு தடவி மூடினேன். பிறகு ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து பவர் லிமிட்டைக் கடைசிவரை தள்ளி, கோர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். காகிதத்தில் 1708 மெகாஹெர்ட்ஸ். 2000-ஐத் தொடவைப்பது 1060 வைத்திருப்பவர்களுக்கெல்லாம் மானப் பிரச்சினை. மெமரியையும் ஏற்றினேன். திரையில் பச்சைப் புள்ளிகள் பூத்தன. அப்படியென்றால் இறக்கு என்று அர்த்தம். இறக்கினேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகம் கூடினால் சூடு கூடும்; சூடு கூடினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்க்ரிமென்ட் வந்த கையோடு வரிக்காரன் வாங்கிக்கொள்கிற மாதிரிதான். அதைத் தடுக்க ஃபேனை நூறு சதவீதத்தில் வைக்க வேண்டும். வைத்தேன். 45-இல் நின்ற எஃப்பிஎஸ் 50-ஐ எட்டியது. அந்த ஐந்து பிரேமைக் கண்ணால் பார்க்க முடியாது. மூலையில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட வேண்டும். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கீழ்வீட்டு அம்மையார் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் அவர் முறை, கையில் துடைப்பம். வாராவாரம் முறைபோட்டுப் படிக்கட்டைப் பெருக்கும் கேர்வோகே இங்கே கிட்டத்தட்ட ஒரு மதம்.

"இரவு பத்துக்கு மேல் வாஷிங் மெஷின் போடுகிறீர்களா?" பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது இங்கே சட்டம்.

கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் விளக்கமாகவே சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"எவ்வளவு கூடியது?"

"பத்து சதவீதம்."

"டியூஃபில் காட்டிச் சான்று வாங்கிவிட்டீர்களா?"

டியூஃப் என்பது வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு. காரில் வேறு ரகச் சக்கரம் போட்டால்கூடச் சான்று கேட்கிற நாடு. அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் கலக்கமாக இருந்தது.

அதன்பிறகு அண்டர்வோல்ட்டுக்கு மாறினேன். வோல்டேஜை 0.9-க்கு இறக்கி, வேகத்தை 1900-ஐ ஒட்டி நிறுத்தினேன். இரண்டு மூன்று பிரேம் போனது. சூடும் இரைச்சலும் அதைவிட அதிகமாகப் போயின. மின்கட்டணத்துக்கும் நல்லது. அம்மையார் படிக்கட்டில் பார்த்தால் புன்னகைக்கிறார்.

குறை சொன்னது வீட்டுக்குள்தான். சாயங்காலங்களில் கேபினட் பக்கமாகக் காலை நீட்டி மனைவி புத்தகம் படிப்பது வழக்கம்.

"ஏனுங்க, கால் சில்லுன்னு இருக்குது. அந்தப் பழைய செட்டிங்கையே போட்டுடுங்க."