இடுக்குப் பிள்ளையாரும் இயர்போன் ரப்பரும்: எண்வகை மெய்ப்பாட்டு நோக்கில் ஒரு கள ஆய்வு

ஹைபிரிட் இயர்போனின் ஒலிநலம், அணிநலம் ஆகிய இரண்டையும் திருவண்ணாமலையை மையமிட்டு ஆராய்ந்த நூல் தமிழில் இதுவரை வரவில்லை. "இதுவரை வரவில்லை" என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மரபில் இல்லை.

ஆய்வு எல்லை, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. ஆய்வுக் காலம், ஒரு பௌர்ணமி இரவு. ஆய்வுப் பொருள், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குச் சீனாவிலிருந்து வந்து சேர்ந்த ஓர் இயர்போன். முதன்மைச் சான்றாதாரம், அதை வாங்கிய என் மச்சான். துணைமைச் சான்றாதாரமும் அவரே, டீ குடித்த பிறகு.

கருதுகோள் வருமாறு. தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடுகள் எட்டு. கிரிவலப் பாதையில் லிங்கங்கள் எட்டு. இதைத் தற்செயல் என்போர் ஆய்வுலகுக்குப் புறம்பானவர்கள். வரிசைப்படி பொருத்தினால் எமலிங்கத்துக்கு இளிவரலும் வருணலிங்கத்துக்கு அச்சமும் வந்து விழுகின்றனவே, எமனிடமல்லவா அச்சம் வரவேண்டும் என்று கேட்கலாம். வாய்மொழித் தேர்வில் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்.

ஹைபிரிட் என்பது யாதோவெனின், இருவேறு பிறப்புடைய ஒலிப்பான்கள் ஒரே கூட்டில் குடியிருப்பது. ஒன்று டைனமிக்: காந்தம், கம்பிச் சுருள், சுருளோடு அதிரும் மெல்லிய சவ்வு. காற்றை நன்றாகத் தள்ளும். ஆகவே பேஸ் இதன் பொறுப்பு. மற்றது பேலன்ஸ்டு ஆர்மெச்சர்: காந்தங்களுக்கு நடுவே சமநிலையில் நிற்கும் ஓர் இரும்பு நாக்கு, சில மில்லிமீட்டர் நீளப் பெட்டிக்குள். காது கேட்கும் கருவிகளில் நெடுங்காலம் ஊழியம் செய்த இதற்கு மேல்ஸ்தாயி ஒப்படைக்கப்பட்டது. யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். மேடைக் கலைஞர்கள் காதுக்குள் மானிட்டர் மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியதில், 1995-இல் வான் ஹேலன் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்துகொடுத்த இணைக்குப் பெரும் பங்குண்டு. அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். இரண்டு பாதி ஓருருவில் சேர்ந்த இந்த அமைப்பை, கார்த்திகை தீபத்தன்று சில நிமிடம் மட்டும் காட்சி தரும் அர்த்தநாரீஸ்வரரோடு ஒப்பிட்டு, "அன்றே நம் முன்னோர் கண்டறிந்தனர்" என்று எழுதினால் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கமும் ஒரு பொன்னாடையும் உறுதி. ஆகவே எழுதவில்லை.

இந்திர லிங்கம் (நகை). காதை இறுக்க அடைத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தால், குதிகால் தார்ச்சாலையில் படும் ஒவ்வொரு முறையும் மண்டைக்குள் 'தொம்' என்று விழுகிறது. எலும்பு வழியாக ஏறிவரும் அதிர்வு காதுத் துளைக்குள் வந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே முழங்குவதன் விளைவு இது. வேர்க்கடலை மென்றால் கல் உடைக்கும் சத்தம். விமர்சகர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் தின்னாமல் கேட்கிறார்கள் என்பது இதனால் பெறப்படும்.

அக்னி லிங்கம் (அழுகை). ரப்பரை ஆழமாகச் செருகினால் சிலருக்கு இருமல் வரும். வேகஸ் நரம்பின் கிளையொன்று காதுத் துளையில் ஓடுவதே காரணம். மச்சான் இருமி இருமிக் கண்ணில் நீர் வர நின்றபோது, பின்னால் வந்த அம்மா ஒருவர் பக்திப் பரவசம் என்று எண்ணித் தாமும் கண் கலங்கினார் (மச்சான், நேர்காணல், இருமலுக்கு இடையே).

எம லிங்கம் (இளிவரல்). காதுக்குறும்பி. மேலும் விளக்கம் தேவையில்லை.

நிருதி லிங்கம் (மருட்கை). இங்கே தவில் சோதனை நிகழ்த்தப்பட்டது. தவிலின் தொப்பியில் கழி விழுவது கீழே கனமாக. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழுவது மேலே சுருக்கென்று. ஒன்று டைனமிக்குக்கு, மற்றது ஆர்மெச்சருக்கு. இரண்டும் ஒரே வாத்தியம், ஒரே ஆள் வாசிக்கிறார் என்று தோன்றினால் கிராஸ்ஓவர் நல்லது. கூட்டின் இரு கோடியில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் வாசிப்பதாகத் தோன்றினால் ஏமாந்தோம். எத்தனை கிடார் கேட்டாலும் இவ்வளவு துலக்கமாகத் தெரியாது. இந்த ஒரு முடிவில் மட்டும் இவ்வாய்வாளர் விளையாடவில்லை. மச்சானின் இயர்போனில் தொப்பி திருவண்ணாமலையிலும் வலந்தலை செங்கத்திலும் இருந்தன (மச்சான், மேலது, "அதெல்லாம் இல்ல மாமா, நீங்க சரியா மாட்டல" என்ற மறுப்புரையும் காண்க).

வருண லிங்கம் (அச்சம்). வியர்வை.

வாயு லிங்கம் (பெருமிதம்). விமர்சன மொழிநடைக்குரிய இடம். மேடை அகலம், அடிநாதத்தில் ஒரு கதகதப்பு, ஸகரம் காதைக் குத்துதல், குரலைச் சுற்றிக் காற்று என்று எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு வரைபடம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்து, எது பிடிக்கிறது என்று விசாரித்துக் கண்ட இலக்குக் கோடு ஒன்று உண்டு; இன்-இயர் வகைக்கான 2019-ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பெரும்பாலோருக்குப் பிடித்தது இது என்று அவர்கள் சொன்னதை, பிடித்தே ஆகவேண்டியது இது என்று உரையாசிரியர்கள் விரித்துவிட்டார்கள். அளப்பதோ காதை ஒத்த ஓர் உலோகக் குழாயில். இயர்போனை எவ்வளவு ஆழம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து 8 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் அந்தக் குழாய் தானாகவே ஒரு முகட்டை எழுப்பும். அந்த முகட்டை வைத்துத்தான் சண்டை எல்லாம். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கமில்லை. வைக்காத புள்ளிக்காக ஆயுள் முழுக்க ஒருவரோடொருவர் பேசாதிருந்த பேராசிரியர்களைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

குபேர லிங்கம் (வெகுளி). விலை. ஒரு டைனமிக், ஓர் ஆர்மெச்சர் என்றால் ஆயிரத்துச் சொச்சம். ஆர்மெச்சர் எண்ணிக்கை கூடக் கூட லட்சம் வரை போகும். பாட்டுக்குள் இருப்பதைக் கேட்காமல் கூட்டுக்குள் இருப்பதை எண்ணுபவர்களுக்கு இதில் வருத்தமில்லை.

இனி ஈசானியத்துக்குப் போக வேண்டும். ஆனால் குபேர லிங்கத்தைக் கடந்ததும் இடுக்குப் பிள்ளையார் குறுக்கிடுகிறார். அவர் எட்டில் சேர்ந்தவரல்லர். ஆகவே கருதுகோளுக்குக் கேடு. நேர்மையான ஆய்வாளர் இப்படிப்பட்ட தரவைப் பின்னிணைப்பில் புதைத்துவிடுவார்.

சின்னஞ்சிறு கோயில் அது. ஒரே நேராக இல்லாத மூன்று வாசல். பின்பக்கம் புகுந்து முன்பக்கம் வெளியேற வேண்டும். உள்ளே இடைக்காட்டுச் சித்தர் பதித்த எந்திரங்கள் உண்டு என்பார்கள்; நுழைந்து வந்தால் உடல் நோவு தீரும் என்பது நம்பிக்கை. அன்று எங்களுக்கு முன்னால் நின்றவர் நல்ல பருமன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையை நேரே விட்டுத் தோளில் நின்றுவிட்டார். வரிசையே ஆசிரியர் குழுவாக மாறியது. "ஒருக்களிச்சுப் படுங்க சார்." "ஒரு கைய முன்னால நீட்டுங்க." "மூச்ச விட்டுட்டுத் தள்ளுங்க, இழுத்துப் பிடிக்காதீங்க." பூ விற்கும் கிழவி மட்டும் தொடுத்துக்கொண்டிருந்த மாலையிலிருந்து கண்ணெடுக்காமல், "திரும்பினா போயிடலாம்பா" என்றார். அவர் திரும்பினார். போய்விட்டார்.

இயர்போன் அணியும் இலக்கணம் முழுவதும் இந்த ஒரே நூற்பாவில் அடங்கும். காதுத் துளை சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், 7 மில்லிமீட்டர் அகலம். நேர்குழாயன்று, இருமுறை வளைவது. நேரே அழுத்தினால் ரப்பர் வாசலிலேயே மடங்கி நிற்கும். எதிர்க்கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, கூட்டைத் திருப்பி உள்ளே விட்டு, மடலை விட்டுவிட வேண்டும். ரப்பர் ஒரு சுற்று சரியாகப் படியாமல் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பேஸ் அத்தனையும் அந்த வழியே ஓடிவிடும். பத்து மில்லிமீட்டர் சவ்வும் சரி, லட்ச ரூபாயும் சரி, அந்த இடைவெளிக்கு முன்னால் ஒன்றுமில்லை. வலக்காதும் இடக்காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்ற விதியும் கிடையாது; ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் சிறிது என்று மாட்டுவோர் உண்டு. "பேஸ் இல்லை", "குரல் மெலிவு", "மேல்ஸ்தாயி கூச்சல்" என்று எழுதப்பட்ட விமர்சன இலக்கியத்தில் கணிசமான பகுதி ரப்பர் அளவு தப்பிய இலக்கியமே.

இம்முடிவை மச்சான் ஏற்கவில்லை. ரப்பரை மாற்றிப் போட்டதும் செங்கத்திலிருந்த வலந்தலை ஊருக்குள் வந்துவிட்டது, ஆயினும் ஏற்கவில்லை (மச்சான், மேலது, திருத்திய இரண்டாம் பதிப்பு, சுக்குக் காபிக்கு முன், ஒப்புநோக்குக: அவரே, சுக்குக் காபிக்குப் பின், முன்பதிப்பில் இல்லாத "ம்ம்" என்னும் இடைச்செருகலுடன், இடைச்செருகல் அன்று, மூலபாடமே என்பது காபிக் கடைக்காரர் துணிபு, அவர் வாய்மொழி, சில்லறை எண்ணியபோது, சில்லறை குறைந்ததால் அத்துணிபு திரும்பப் பெறப்பட்டது, மேலது).

ஈசானிய லிங்கம் (உவகை). கழற்றினோம்.

ஆய்வுலகம் மேற்கொண்டு செய்யத்தக்க தலைப்புகள் பல. கயிலாய வாத்தியக் குழு பின்னால் நெருங்கி வரும்போது ரப்பர் தடுக்கும் ஒலியளவும் தடுக்காத ஒலியளவும். கடுக்கன் அணிந்த காதில் வயர் சிக்கும் வகைகள். "சொன்னது கேக்கலயா?" என்று மூன்றாம் முறை கேட்கும் மனைவிக்குத் தரப்படும் விடைகளும் அவற்றின் அகச்சான்றுகளும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியோடு வந்த மூன்று ஜோடி ரப்பரில் பொருந்திய ஜோடி மட்டும் தொலைவது ஏன் என்பது. இத்தலைப்பைப் பதிவு செய்ய மச்சான் முன்வந்திருக்கிறார். நெறியாளர் நான்தானாம், உதவித்தொகையும் நான்தானாம்.